கத்தி செய்பவரின் பேரை எடைபோடுவது எப்படி?

தருமபுரியைச் சேர்ந்த தம்பி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு இது பதில். அவர் தனக்கென்று ஒரு கத்தியைச் செய்து வாங்க விரும்புகிறார். அவர் மனத்தில் வைத்திருக்கும் கைவினைஞர் 38,000 ரூபாய் விலை சொல்லி, அதில் பாதியை முன்பணமாகக் கேட்டிருக்கிறார். விசாரித்தபோது சிலர் அந்தக் கைவினைஞரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்களாம். வேறு சிலர் பேரைக் கேட்டதுமே முகம் சுளித்தார்களாம். “ஒருவருடைய பேர் உழைத்துச் சேர்த்த பேரா, ஊதிப் பெருக்கிய பேரா என்பதை உங்களைப் போன்ற சேகரிப்பாளர்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?” என்று கேட்கிறார்.

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வகைக் கத்திகளை வாங்கியும், சிலவற்றைக் கைமாற்றியும் வந்திருக்கிறேன். ஒரு கைவினைஞரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் முதலில் தேடுவது ஒன்றுதான்: அவர் செய்தவற்றில் மிகச் சாதாரணமான ஒரு கத்தி, ஐந்து ஆண்டுகளாவது ஒருவர் கையில் புழங்கிய நிலையில், எனக்குப் பார்க்கக் கிடைக்குமா? படம் எடுப்பதற்கென்றே மாதக்கணக்கில் இழைத்த ஒரு கத்தியை யாரும் காட்டிவிடலாம். அவருடைய பத்தாவது கத்தியும் முப்பதாவது கத்தியும் அதே தரத்தில் இருக்கின்றனவா, நாலைந்து கோடைகளைக் கண்ட பிறகும் குலையாமல் நிற்கின்றனவா என்பதிலிருந்துதான் என் கணிப்பு தொடங்குகிறது.

இப்படிப் பார்க்கும் முறையை நான் கற்றது போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த என் தாய்மாமன் சிறு வயதில் என்னை அங்கே அழைத்துப் போவார். விரித்த சாக்கின்மேல் கிடக்கும் கொடுவாள்களில் ஒன்றை எடுத்து, பிடியை இரண்டு விரல்களால் தொங்கவிட்டு, அலகை நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பார். உள்ளே வெடிப்பு இருந்தால் ஓசை உடைந்து கேட்கும். இல்லையென்றால் நீண்டு அடங்கும். அடுத்து, வாயை வெயிலுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு முனைவரை நோட்டமிடுவார். வாய் நெளிந்திருந்தால் அதன்மேல் விழும் வெயில் கோடும் நெளியும். அத்தனையும் பார்த்துவிட்டுக் கடைசியாக, “எந்தப் பட்டறை?” என்று கேட்பார். அலகின் கழுத்தில் அடையாளமாக மூன்று புள்ளிகளைக் குத்தி விற்கும் ஒரு பட்டறைக்காரரின் கொடுவாளுக்கு மட்டும் பேரம் பேசாமல் கூடுதல் விலை கொடுப்பார். “வாய் மடிஞ்சா அடுத்த ஞாயித்துக்கெழம எடுத்துக்கிட்டு வாங்கண்ணா, மறுபடி தோய்ச்சுத் தரேன்” என்று அந்தப் பட்டறைக்காரர் சொன்னதும், சொன்னபடியே செய்து கொடுத்ததும் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. லட்சக்கணக்கில் கொடுத்துக் கத்தி வாங்குகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். பொருளைக் கையால் சோதிக்கிறார்கள். செய்தவர் யாரென்று உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள். குறை வந்தபோது அவர் எப்படி நடந்துகொண்டார் என்று விசாரிக்கிறார்கள்.

கத்தியைக் கையில் எடுத்ததும் பெரும்பாலோர் அலகின் பளபளப்பைப் பார்ப்பார்கள். நான் இணைப்புகளைப் பார்ப்பேன். அலகும் கைத்தடுப்பும் சேரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டினால் நகம் எங்கும் சிக்கக் கூடாது. விளக்குக்கு முன்னால் பிடித்தால் அங்கே ஒளிக்கீற்றுத் தெரியக் கூடாது. இடைவெளியைப் பசையால் நிரப்பி மறைத்த கறுப்புக் கோடும் இருக்கக் கூடாது. பிறகு கத்தியின் முதுகை என் பக்கம் திருப்பி, சாணைச் சரிவு தொடங்கும் கோடு இரு பக்கமும் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பேன். கை பழகாதவர் செய்ததில் ஒரு பக்கம் அரை மில்லிமீட்டராவது முன்னே போயிருக்கும். தீட்டிய விளிம்பு முனையருகே திடீரென்று அகலமாகத் தெரிந்தால், அந்த இடத்தைத் தடிமனாக விட்டுவிட்டார் என்று பொருள். பிடியை உள்ளங்கையால் தடவும்போது ஆணிகள் இருப்பதே தெரியக் கூடாது. இதில் நம் ஊர் வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. சரியாகக் காயாத மரத்தில் பிடி போட்டிருந்தால், பங்குனி சித்திரையில் மரம் சுருங்கி, ஆணித்தலைகளும், பிடிக்குள் ஓடும் அலகின் வாலும் கையை உறுத்தும் அளவுக்குத் துருத்திக்கொண்டு வரும். மழைக்காலத்தில் வாங்கிய கத்தியைப் பற்றி ஒரு கோடை கழியும்வரை யாரிடமும் சான்று சொல்லாதீர்கள் என்று புதியவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

இவையெல்லாம் கண்ணுக்கும் கைக்கும் அகப்படுபவை. அகப்படாதது தோய்ச்சல். எஃகை வேண்டிய அளவு சூடேற்றி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்துவதில்தான் கத்தியின் உயிர் இருக்கிறது. எவ்வளவு மெருகேற்றினாலும் மெருகு அதைக் காட்டிக் கொடுக்காது. பேரிங் செய்யப் பயன்படும் 52100 எஃகு நம் நாட்டில் இஎன் 31 என்ற பேரில் கிடைக்கிறது. அதில் ஏறக்குறைய 1 விழுக்காடு கரியும் 1.5 விழுக்காடு குரோமியமும் இருக்கும். சூட்டைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர் கையில் அது, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60 வரை கடினமேறியும் நொறுங்காத மெல்லிய வாயைத் தரும். சூடு மிஞ்சிவிட்டாலோ எஃகுக்குள் இருக்கும் நுண்மணிகள் பருத்துவிடும். பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத கத்தி, மூங்கில் கணுவில் பட்டதும் பல்லுப்பல்லாக உதிரும். ஆகவே, என்ன எஃகு என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வைத்தார், எதில் தோய்த்தார், எத்தனை முறை பதப்படுத்தினார், கடினத்தை அளந்தாரா என்று கேளுங்கள். “என் உலையில் அந்த அளவுக்குச் சூட்டைப் பிடிக்க முடியாது, ஓசூரில் வண்டி உதிரிபாகங்களுக்குப் பதமேற்றும் இடத்தில் கொடுத்துச் செய்கிறேன்” என்று ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால் என் கண்ணில் அவர் மதிப்பு உயரும். தொழில் ரகசியம் என்று சொல்பவரையும் நான் உடனே தள்ளிவிடுவதில்லை. அவர் தன் அலகு ஒன்றை உடைத்துப் பார்த்ததுண்டா, உடைந்த துண்டை வைத்திருக்கிறாரா என்று கேட்பேன். முறிந்த முகம் பட்டுப்போல் நுண்ணிய சாம்பல் நிறத்தில் இருந்தால் தோய்ச்சல் சரியாக அமைந்திருக்கிறது. கற்கண்டை உடைத்தாற்போல் மினுமினுத்தால் சூடு மிஞ்சியிருக்கிறது.

உடைக்காமலே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. கால் அங்குலப் பித்தளைக் கம்பியை வைஸ் என்ற இறுக்குக் கருவியில் படுக்கையாகப் பிடித்து, கத்தியின் வாயைச் சாய்த்து அதன்மேல் அழுத்தி மெதுவாக நகர்த்தினால், வாய் கம்பியின்மேல் சற்று வளைவது கண்ணுக்குத் தெரியும். கம்பியைத் தாண்டியதும் அது நிமிர்ந்துவிட வேண்டும். வளைந்தபடியே நின்றால் எஃகு இளசு. உதிர்ந்தால் மிகையாக விறைத்தது. செய்தவரின் எதிரிலேயே, அவர் அனுமதியோடு இதைச் செய்து பார்க்கலாம். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர்கள் மறுத்து நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் இத்தகைய சோதனைகளை ஒரு தேர்வாகவே ஆக்கியிருக்கிறார்கள். பில் மோரன் என்ற கத்திக் கொல்லர் முன்னின்று 1976-இல் தொடங்கிய அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தில் முதல் நிலைத் தகுதி பெற விரும்புபவர், தான் அடித்த கத்தியால், தொங்கவிட்ட ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு நான்கு அங்குல மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே வாயால் கைமயிரை மழிக்க முடிய வேண்டும். கடைசியில் அலகை வைஸில் இறுக்கி 90 பாகை வளைக்கும்போது அது முறியக் கூடாது. இதோடு ஐந்து கத்திகளை நடுவர் குழுவின் முன் வைத்து வேலைப்பாட்டுக்காகத் தனியே தேற வேண்டும். அடுத்த நிலையான ஆசான் பட்டத்துக்கு, வெவ்வேறு எஃகுகளை அடுக்கி ஒட்டவைத்த, குறைந்தது 300 அடுக்குகள் கொண்ட அலகு இந்தச் சோதனைகளைத் தாங்க வேண்டும். அந்த முத்திரையைச் சேகரிப்பாளர்கள் மதிக்கிறார்கள், நானும் மதிக்கிறேன். ஆயினும் அது தேர்வு நடந்த நாளைப் பற்றிய சான்று. அதன்பின் அவர் விற்ற இருநூறு கத்திகளுக்கு அந்தக் கத்திகளேதான் சாட்சி சொல்ல வேண்டும். நம் நாட்டில் நல்ல கத்தி செய்கிறவர்களில் நான் அறிந்த பலர் எந்தச் சங்கத்திலும் இல்லை. அதை அவர்களுடைய குறையாகக் கருதுவது நியாயமாகாது.

நான் மிகவும் கறாராக இருப்பது, செய்தவர் தன் பொருளுக்குச் சொல்லும் பேரில். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை பின்னே செல்கிறது என்று 2022-இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டபோது இந்த மண்ணைச் சேர்ந்தவன் என்ற முறையில் நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல. அந்தப் பெருமையை ஒட்டவைத்து இன்றைய கத்தியை விற்க வருபவரிடம்தான் மேலும் நான்கு கேள்விகள் கேட்கத் தோன்றுகிறது. ஐரோப்பியர் வூட்ஸ் என்று அழைத்த தென்னிந்திய எஃகு, களிமண் மூசைக்குள் உருக்கிச் செய்யப்பட்டது. அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடேயும் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் இருநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் அதன் சூட்சுமத்தைக் கண்டறிய முயன்றார்கள். அதில் தெரியும் நீரோட்டம் போன்ற கோலம், உருகிய எஃகு ஆறி இறுகி, பின்பு பதமான சூட்டில் அடிபடும்போது உள்ளிருந்தே விளைவது. இன்று இதேபோன்ற வரிகளோடு டமாஸ்கஸ் எஃகு என்ற பேரில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை வேறு வகை: கரி மிகுந்த எஃகையும் நிக்கல் சேர்ந்த எஃகையும் மாறி மாறி அடுக்கி, காய்ச்சி அடித்து ஒட்டவைத்து, அமிலத்தில் நனைத்து வரிகளை வெளிக்கொணர்ந்தவை. 1973-இல் பில் மோரன் கண்காட்சியில் வைத்து அமெரிக்கச் சேகரிப்பாளர்களை வியக்கவைத்ததும் இவ்வகையே. இதுவும் அரிய வேலைதான். ஆனால் இதற்கு வூட்ஸ் என்று பேர் சூட்டுபவர், தெரியாமல் சொன்னால் தொழிலை முழுதாகக் கற்காதவர். தெரிந்தே சொன்னால் நம்பத் தகாதவர்.

இன்னும் கீழே போய், வெறும் அலகின்மேல் வரிகளைப் பொறித்து அடுக்கெஃகு என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அலகின் முதுகைப் பாருங்கள். உண்மையான அடுக்கெஃகில் அங்கேயும் அடுக்குகள் தெரியும். ஐயம் தீராவிட்டால், சிறிய இடத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி அமிலம் தொடச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் வரி திரும்பி வரும், பொறித்தது வராது.

“முழுக்கக் கையால் செய்தது” என்ற சொல்லும் இதே இனம். அலகை வெளியில் லேசரில் வெட்டி வாங்கலாம், தோய்ச்சலை வேறிடத்தில் செய்யலாம், உறையை வீட்டார் தைக்கலாம், ஒன்றும் தவறில்லை. எது தன் கை, எது பிறர் கை என்பதைக் கேட்காமலே சொல்லிவிடுபவரின் பேர் நீண்ட காலம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பண விவகாரத்துக்கு வருகிறேன். நீண்ட காத்திருப்புப் பட்டியல் புகழின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. 1950-களில் நியூயார்க் கடையொன்றில், ராண்டால் என்ற அமெரிக்கக் கைவினைஞரின் கத்தியை வாங்கப் போன பாப் லவ்லெஸ் என்ற இளைஞரை ஒன்பது மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்க மனமில்லாத அவர், பழைய பேக்கார்ட் காரின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து தானே ஒரு கத்தியைச் செய்துகொண்டார். பின்னாளில் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற கத்திக் கலைஞர்களில் ஒருவரானார். ராண்டாலின் பட்டறை அன்று வேலை மிகுதியால் தாமதித்தது. ஆனால் வாங்கிய முன்பணத்தை வேறு செலவுக்குச் சுழற்றிவிட்டு, புதிதாக வருபவரின் பணத்தில் பழையவரின் எஃகை வாங்குகிறவர்களும் தாமதிக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நான் ஒருவரிடம் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு இரண்டு ஆண்டுகள் காத்திருந்தேன். கேட்கும்போதெல்லாம் மெருகு மட்டும்தான் பாக்கி என்பார். கடைசியில் வந்த கத்தியின் உறை இரண்டு நாளில் அவசரமாகத் தைத்தது என்பது தையலிலேயே தெரிந்தது. என்னைப்போல் இன்னும் ஐந்தாறு பேர் இருந்ததை அதற்குப் பிறகுதான் அறிந்தேன். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் நேர்ந்ததாக நினைத்து வெளியில் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அன்று முதல், செலுத்தும் பணம் எஃகுக்கும் பிடிப்பொருளுக்கும் ஆகும் செலவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். வேலை தொடங்கும் முன் எதுவும் வேண்டாம் என்று சொல்பவருக்கு ஒரு படி கூடுதல் மதிப்பளிக்கிறேன்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். வேறொருவரிடம் ஈட்டி மரப் பிடி போட்ட கத்தி வாங்கினேன். முதல் கோடையிலேயே பிடி சுருங்கி, வாலின் ஓரம் உள்ளங்கையைக் கீறியது. அவருக்குத் தெரிவித்தேன். மறுநாளே பதில் வந்தது: மரம் இன்னும் ஓராண்டு காய்ந்திருக்க வேண்டும், அவசரப்பட்டது தன் தவறு, அதே மரக்கட்டையில் செய்த மற்ற இரண்டு கத்திகளையும் திருப்பி வாங்கப் போவதாக எழுதியிருந்தார். மூன்று வாரத்தில் வைரம் பாய்ந்த புளியமரப் பிடியோடு என் கத்தி திரும்பி வந்தது. நான் குறை சொன்னது ஒரு கத்தியைப் பற்றி. அவர் மூன்றைச் சரிசெய்தார். அவரைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அந்தக் குறையுள்ள கத்தியின் கதையைத்தான்.

அடுத்தது, சாட்சி சொல்பவர்களை எடைபோடுவது. ஒரு கைவினைஞரைப் புகழ்பவர் அவருடைய கத்தியை வாங்கி விற்கும் வணிகராக இருக்கலாம், வரிசையில் காத்திருப்பவராக இருக்கலாம், நண்பராக இருக்கலாம். வாங்கிய வாரத்திலேயே எழுதும் புகழுரை, பெட்டியைத் திறந்த மகிழ்ச்சியைத்தான் சொல்கிறது. இகழ்பவரையும் இப்படியே பார்க்க வேண்டும்: அவர் கத்தி வாங்கியவரா, விலை படியாமல் போனவரா, போட்டிப் பட்டறைக்காரரா? நாளும் தொகையும் சொல்லி, எழுதிய கடிதத்தைக் காட்டி ஒருவர் குறை கூறினால் அது பத்துப் புகழுரைக்குச் சமம். பயன்படுத்துபவரின் சாட்சிக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு ராண்டால் கதையே சான்று. மிச்சிகனில் ஒருவர் ஒரு கத்தியால் படகின் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்ததையும், அத்தனைக்குப் பிறகும் அதன் வாய் கெடாததையும் கண்டுதான் ராண்டால் அந்தக் கத்தியை வாங்கினார். அது வில்லியம் ஸ்கேகல் செய்தது. அதைப் பார்த்த பிறகே தானும் கத்தி செய்யத் தொடங்கினார்.

விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மறுவிற்பனையில் விலை ஏறுவது தேவையைக் காட்டும், தரத்தைக் காட்டாது. பத்தே பத்துக் கத்திகள் என்று அறிவித்தாலே விலை ஏறிவிடும். பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கியவர்கள் விற்காமல் வைத்திருக்கிறார்களா என்பதை நான் கவனிக்கிறேன்.

செய்தவர் மறைந்த பிறகு பேரைத் தாங்குவது அவருடைய முத்திரை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி நடுகற்களில் வாளேந்திய வீரனைப் பார்த்திருப்பீர்கள். கல்வெட்டில் வீரனின் பேர் இருக்கும், அவன் மீட்ட ஆநிரை இருக்கும். அந்த வாளை அடித்த கொல்லனின் பேரை நான் பார்த்த எந்தக் கல்லிலும் கண்டதில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஜப்பானியக் கொல்லர்கள் வாளின் வாலில் பேரை வெட்டி வைத்தார்கள். பேர் வந்ததும் பொய்ப் பேரும் கூடவே வந்தது. அங்கே 1948-இல் அமைந்த வாள் பாதுகாப்புச் சங்கம், கையொப்பத்தை மட்டும் நம்பாமல் எஃகின் பரப்பையும் தோய்ச்சல் கோட்டையும் ஆராய்ந்துதான் சான்று வழங்குகிறது. 2010-இல் மறைந்த லவ்லெஸின் பேரிலும் போலிகள் உலவுகின்றன. அவர் ஊர் மாறியபோதெல்லாம் முத்திரையும் மாறியதால், முத்திரையும் வேலைப்பாடும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று சேகரிப்பாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எனவே நீங்கள் வாங்கும் கத்தி சிறியதானாலும், எஃகு, தேதி, பிடிப்பொருள் ஆகியவற்றைக் குறித்துக் கையெழுத்திட்ட ஒரு தாளைச் செய்தவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

இனி, தம்பி, நீங்கள் செய்ய வேண்டியது. முகம் சுளித்தவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்து, என்ன நடந்தது என்று நாள் கணக்கோடு கேளுங்கள். அதே நிகழ்ச்சியைக் கைவினைஞரிடமும் கேளுங்கள். இருவர் சொல்வதும் பெரும்பாலும் ஒத்துப்போய், அவர் தன் பங்கை ஒப்புக்கொண்டால் அஞ்ச வேண்டியதில்லை. பாதித் தொகை என்பதைக் கால் பங்காகக் குறைக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். அலகின் அளவையும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டு வேலைக்கோ உழவுக்கோ மட்டும் என்று அமையாத கத்தியின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் அது ஆயுதச் சட்டத்தின் வகைப்பாட்டுக்குள் வருகிறது. பொறுப்புள்ளவர் இதை அவராகவே உங்களிடம் சொல்லியிருப்பார்.

அந்தக் கைவினைஞர் தொடக்க காலத்தில் செய்த சமையல் கத்தி ஒன்று கிருஷ்ணகிரியில் என் நண்பர் வீட்டு அடுக்களையில் ஏழு ஆண்டுகளாகப் புழங்கிக்கொண்டிருக்கிறது. வாய் இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது; பிடியில் மஞ்சள் கறை ஏறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் அதை நீங்களே கையில் எடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்கிறேன்.